மொரீஷியஸ் மாடித் தொட்டியில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை: தேர்விலேயே நடக்கும் தவறுகள்

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து மார்கழி, தையில் கொத்தமல்லி விதைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அங்கே அது பனிக்காலம். இங்கே காவடி எடுக்கும் தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வருகிறது. சுடுகிற தொட்டியில் கொத்தமல்லி சில வாரங்களிலேயே தண்டை நீட்டிப் பூக்கப் பார்க்கும். அகன்ற இலை போய், சோம்புச் செடியில் இருப்பதுபோல் நூல் நூலான இலை வரத் தொடங்கினால் அவ்வளவுதான், எந்த உரம் போட்டாலும் திரும்பாது. மே முதல் செப்டம்பர் வரை விதையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைத்தாலும் சரிதான். ஊரில் மழைக்காக விதைப்பார்கள், இங்கே குளிருக்காக.

சந்தையில் ‘கோத்தோமிலி’ என்கிறார்களே, நம் சொல்தான் அது. ஆனால் நாற்றாக வாங்காதீர்கள். ஆணிவேர் அறுந்தால் செடி மிரண்டு உடனே பூத்துவிடும். 20 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் நேராக விதைக்க வேண்டும். தனியாவைப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். பொடியாகும்படி அழுத்தக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து 1 செ.மீ. ஆழத்தில் தூவுங்கள். முளைக்க 7 முதல் 14 நாள் ஆகும். மசாலா டப்பாவிலிருந்த பழைய தனியா என்றால், முதலில் பத்து விதையை ஈரத்துணியில் மடித்துவைத்துப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி விதைத்துவந்தால் அறுவடை அறுபடாது.

அடுத்த தவறு, நடுமேட்டு ஊரான க்யூர்பிப்பில் அத்தை வீட்டில் செழிக்கிற செடியைப் போர்ட் லூயிஸ் மொட்டைமாடிக்குக் கொண்டுவருவது. நடுமேட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மி.மீ. மழை, மேற்குக் கரையில் 900 மி.மீ.தான். மேட்டில் புதினாவும் பார்ஸ்லியும் தானாக வளரும். தைம் (thyme) என்ற வாசனைச் செடியை மட்டும் மழை படாத கூரை ஓரத்தில் வைக்காவிட்டால் அடித்தண்டு கறுத்து அழுகும். கரையோரத்துக்குத் தைம், கற்பூரவள்ளி, துளசி பொருந்தும்.

அழகுக்காகத் தைமையும் புதினாவையும் ஒரே தொட்டியில் வைப்பவர்கள் இரண்டில் ஒன்றை இழப்பார்கள். புதினாவுக்கு மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தைமுக்கு நடுநடுவே காய வேண்டும். போதாததற்குப் புதினாவின் ஓடுவேர் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனியாக ஓர் அகலத் தொட்டி கொடுத்துவிடுங்கள், ஆழம் அவ்வளவு முக்கியமில்லை.

கறிவேப்பிலையைச் சின்னத் தொட்டியில் வைத்துவிட்டு ‘ஏறவே மாட்டேங்குது’ என்று குறைசொல்ல வேண்டாம். அது மரம். குறைந்தது 10 லிட்டர் தொட்டி வேண்டும். எலுமிச்சைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். எலுமிச்சை வகைகளுக்குப் பசுமை நோயைப் பரப்பும் சாறுண்ணிப் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டையிடும். கொழுந்து சுருண்டு, மெழுகு இழைபோல் வெள்ளையாக ஏதாவது தொங்கினால் அந்தக் கிளையை வெட்டி, பையில் கட்டி எறியுங்கள்.

மண் கலவையில் கடல் மணல் சேர்ப்பது இன்னொரு வினை. உப்பு ஒரு பக்கம், பவளச் சுண்ணாம்பு ஒரு பக்கம், இலை மஞ்சளாகிவிடும். காயல்களில் மணல் அள்ளுவதற்கு 2001இலேயே தடை வந்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும். கட்டடத்துக்கு வாங்கும் கருங்கல் மணலைச் சலித்து, தூளைக் கொட்டிவிட்டுக் குறுமணியை மட்டும் எடுங்கள். மக்கிய உரம் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, இந்தக் குறுமணி ஒரு பங்கு போதும். அடியில் சரளைக்கல் பரப்பத் தேவையில்லை. நீர் சரளைக்கு மேலேயே தேங்கும், வேருக்கு இடம்தான் குறையும். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை அன்றாடம் கொட்டுங்கள், டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.

தொட்டியின் எடையை யாரும் யோசிப்பதில்லை. 10 லிட்டர் தொட்டி ஈர மண்ணோடு 10 கிலோவைத் தாண்டும். புயல் காலத்தில் வானிலைத் துறையின் இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கையிலேயே எல்லாவற்றையும் உள்ளே இறக்கியாக வேண்டும். மாடிப்படியில் ஒற்றை ஆளாகத் தூக்க முடியாத தொட்டியைக் கீழே முற்றத்திலேயே வையுங்கள்.