சும்பா தீவில் நிலம் எடுக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

இந்தோனேசியாவின் சும்பா தீவுக்கு நிலம் பார்க்க வருபவர்களோடு கூடவே போய், எல்லையையும் பத்திரத்தையும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பாலியில் விலை கட்டுபடியாகவில்லை, லொம்போக்கிலும் ஏறிவிட்டது, அடுத்தது சும்பாதான் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்களும் இப்போது அதில் உண்டு. முன்னால் வந்தவர்கள் எங்கே பணத்தை விட்டார்களோ, நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் எங்கே தடுக்கினோமோ, அதே இடத்தில்தான் இவர்களும் போய் நிற்கிறார்கள். கொசுவலை கொண்டு வாருங்கள், கையில் ரொக்கம் வைத்திருங்கள், நாலு வார்த்தை இந்தோனேசிய மொழி கற்றுக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

பிப்ரவரியில் பார்த்து முடிவு செய்வது

குதிரை மேல் இருந்து ஈட்டி எறியும் பசோலா திருவிழா மேற்குச் சும்பாவில் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். அதைப் பார்க்க வருகிறவர்கள் மலைகளை முழுப் பச்சையில் பார்த்துவிட்டு, இங்கேயே இருந்துவிடலாம் என்று மனசை விட்டுவிடுகிறார்கள். அதே மலையைச் செப்டம்பரில் வந்து பாருங்கள், புல் கருகி மண் நிறத்தில் கிடக்கும். மே வாக்கில் மழை நின்றால் மறுபடி நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை, பெய்த மழை மேலே தங்காமல் கீழே இறங்கிவிடும். கடலோரத்தில் கிணறு தோண்டினால் உப்பு ஏறுகிறது. பழைய கிராமங்கள் பாதுகாப்புக்காகக் குன்றின் உச்சியில் கட்டப்பட்டவை, அங்கே இன்றும் பெண்களும் பிள்ளைகளும் கீழே இறங்கித்தான் தண்ணீர் சுமக்கிறார்கள்.

"போர் போட்டுக்கொள்ளலாம்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். சரி, போடுங்கள். ஆனால் உங்கள் மோட்டார் ஓட ஆரம்பித்த வருடம் பக்கத்து ஊற்று வற்றினால், அது உங்களால் வற்றியதோ இல்லையோ, அந்த ஊரில் உங்களுக்கு நிம்மதி இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அக்டோபரில் ஒரு தடவை வந்து, பக்கத்துக் கிணற்றில் இறங்கும் வாளி எவ்வளவு நீரோடு வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் லாரி அந்தப் பாதையில் ஏறுமா என்றும் கேளுங்கள்.

வரி ரசீதைப் பத்திரம் என்று நம்புவது

நிலவரி கட்டிய தாளைக் காட்டி "இதோ சர்டிபிகேட்" என்பார்கள். வரி கட்டினார் என்பதற்குத்தான் அது சாட்சி. நில அலுவலகம் கொடுத்த சான்றிதழ் எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள். சான்றிதழே இல்லாத நிலம் இங்கே ஏராளம், அதில் கை வைப்பதற்கு முன்னால் பதிவு முடியட்டும். செலவு விற்பவருடையதா உங்களுடையதா என்பதை அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பினாமி பெயரில் வாங்குவது

நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எத்தனை பேரிடம் சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாரம் போய் அதையே செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது ஹக் மிலிக், அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவர் வாங்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் வருகிறார்கள். அப்புறம் யாராவது ஒருவர் வழி சொல்லிக் கொடுக்கிறார்: உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்குங்கள், பணம் நீங்கள் போடுங்கள், பாதுகாப்புக்கு அவரிடம் சில தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்ஜாம் நாமா என்று இங்கே இதைச் சொல்வார்கள், நம் பினாமியேதான். அவர் உங்களிடம் கடன் வாங்கியதாக ஒரு பத்திரம், நிலத்தை விற்கும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்ததாக ஒன்று, நிலம் உண்மையில் உங்களுடையது என்ற உறுதிமொழி ஒன்று, நீண்ட காலக் குத்தகை ஒன்று, சில நேரம் உயிலும். கட்டாக நாடா போட்டுக் கையில் கொடுப்பார்கள். அந்தக் கட்டின் கனத்தைப் பார்த்தே ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக் போய்ச் சேரும்படி செய்யும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. மூன்றும் அதில் எழுதியே இருக்கிறது. திரும்பப் பெற முடியாதபடி விற்கும் அதிகாரத்தை முழுசாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு 1982லேயே தடை வந்துவிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெயர் கொடுத்தவர் பின்வாங்கினால் நீங்கள் நீதிமன்றம் போக வேண்டும். போய் அந்தக் கட்டைப் பிரித்தால், முதலில் நிரூபணமாவது நீங்கள் சட்டத்தைச் சுற்றிப் போனீர்கள் என்பதுதான். தேவைப்படும் நாளில் வெளியே எடுக்கவே முடியாத தாள்களுக்காகக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கடலைப் பார்த்த சரிவு ஒன்றை, தனக்கு வண்டி ஓட்டியவரின் தம்பி பெயரில் வாங்கினார். அந்தத் தம்பி நல்ல மனிதர், சொன்ன சொல் மாறாதவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். நிலம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது. அந்தப் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் பெயரில் நிலம் இருக்கிறது, கையில் மூன்று பிள்ளைகள், அதைக் கொடு என்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். அவள் ஏன் கொடுக்க வேண்டும்? நான் அவருக்காகப் பேசப் போனேன், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது நியாயம் அவள் பக்கம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. வாங்கியவர் பாதி கட்டிய வீட்டை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். ஏமாற்றியவர் என்று இதில் யாரையும் காட்ட முடியாது, எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் பணம் போனது. "நம்ம ஆள் அப்படிப்பட்டவர் இல்லை" என்று என்னிடம் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இறப்பு, விவாகரத்து, அவர் வாங்கிய வங்கிக் கடனுக்கு அந்தச் சான்றிதழே அடமானம், இதில் எது நடந்தாலும் போதும்.

இந்தோனேசியரைத் திருமணம் செய்துகொண்டவர்களும் கவனியுங்கள். சொத்தைப் பிரித்து வைக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டால், துணைவர் பெயரில் வாங்கும் ஹக் மிலிக்கும் சிக்கலில் மாட்டும். முன்பு அந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்னால்தான் செய்ய முடியும். 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் திருமணத்துக்குப் பிறகும் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. நிலம் வாங்குவதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.

சரி, வேறு வழி? உங்கள் சொந்தப் பெயரிலேயே குத்தகை எடுங்கள். 25, 30 வருடம் என்பது சாதாரணம். நீட்டிக்கும் உரிமையையும் அந்த விலையைக் கணக்கிடும் முறையையும் இன்றே எழுத்தில் போடுங்கள், "அப்போது பேசிக்கொள்வோம்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நிலக்காரர் இறந்தால் வாரிசுகளையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற வரி இருக்க வேண்டும், கணவனோடு மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கும் அனுமதி இருக்கிறவர்கள் ஹக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமையைப் பார்க்கலாம், 2021 விதிப்படி அது 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. தொழில் நடத்த வேண்டும் என்றால் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பதிவு செய்து அதன் பெயரில் கட்டட உரிமை எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய முதலீடு வேண்டும். இதெல்லாம் முழு உரிமை இல்லையே என்று முகம் சுளிக்கிறார்கள். ஆமாம், இல்லை. ஆனால் இதை நீதிபதி முன்னால் காட்டலாம்.

ஒருவரிடம் மட்டும் பேசுவது

சும்பாவில் நிலம் பெரும்பாலும் கபிசு எனப்படும் குலத்தோடு கட்டுண்டது. சான்றிதழில் ஒரு பெயர் இருந்தாலும், அந்த மேட்டில் யாருடைய முன்னோர் கல்லறை இருக்கிறது, எந்த வழியாக எருமை போகும், மராப்பு எனப்படும் முன்னோர் வழிபாட்டில் ஒதுக்கி வைத்த இடம் எது என்று ஊருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அண்ணன் விற்ற நிலத்துக்குத் தம்பி வருவார், தம்பியைச் சமாளித்தால் சித்தப்பா பிள்ளைகள் வருவார்கள். குலப் பெரியவர்கள், நான்கு பக்கத்து நிலக்காரர்கள், கிராமத் தலைவர் எல்லோரும் வந்து எல்லையை நடந்து காட்டட்டும், அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நாளில் முடியாது, வெற்றிலைக் காயும் பாக்கும் வைத்துப் பலமுறை உட்கார வேண்டும். (இங்கே இலையை விட அந்தக் காயைத்தான் பாக்கோடு மெல்லுவார்கள்.)

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லம்போயா பக்கத்து மரோசி கடற்கரை இருக்கிறது. 2018 ஏப்ரலில் போலீஸ் காவலோடு நடந்த நில அளவையின்போது எழுந்த மோதலில் கிராமத்தவர் ஒருவர் குண்டு பட்டு இறந்தார்.

அலை ஓரத்தில் கட்டுவது

உச்ச அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைப்பகுதி காப்பு நிலம். விற்பவர் கடல் வரை அளந்து காட்டினாலும் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். 1977 ஆகஸ்ட் 19 அன்று இந்தத் தீவுக்குத் தெற்கே கடலடியில் வந்த பெரிய நிலநடுக்கம் சுனாமியைக் கிளப்பியது, சும்பாவிலும் பக்கத்துத் தீவான சும்பாவாவிலும் ஆட்கள் இறந்தார்கள். மேட்டில் கட்டுங்கள்.

விசா முடிந்தும் தங்குவது

ஒரு நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். 60 நாள் தாண்டினால் நாடு கடத்தல்.

சுற்றுலா விசாவில் அறை வாடகைக்கு விடுவது

செய்யாதீர்கள்.

விலை ஏறும் என்று கணக்குப் போடுவது

குத்தகை நிலம் வருடா வருடம் குறைந்துகொண்டே போகும் சரக்கு. 25 வருடத்தில் 10 போய்விட்டால் நீங்கள் விற்பது மீதி 15ஐத்தான். வாங்க வருகிறவரும் வெளிநாட்டவராகத்தான் இருப்பார், அப்படிப்பட்டவர்கள் இந்தத் தீவுக்கு வருவது குறைவு. கூடவே குத்தகைத் தொகையில் 10 சதவீத வரி உண்டு, யார் கட்டுவது என்று பேசாமல் விட்டால் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். வாழ்வதற்கு என்றால் எடுங்கள், லாபத்துக்கு என்றால் சும்பா கிராமத்தை நான் சொல்ல மாட்டேன்.

காய்ச்சலைத் தள்ளிப்போடுவது

சும்பாவில் மலேரியா உண்டு. பாலியில் இருந்த பழக்கத்தில் மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள், அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிராமத்திலிருந்து மருத்துவமனை இருக்கும் வைக்கபுபக் ஊருக்குப் போக எவ்வளவு நேரம், மழையில் அந்தப் பாதை திறந்திருக்குமா என்பதையும் நிலம் பார்க்கும்போதே கேளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் விமானம் ஏறி வெளித்தீவு போக வேண்டி வரலாம்.

சாவு வீட்டு அழைப்பைப் புரியாமல் நடப்பது

குடியேறிய பிறகு வருவது இது. சாவுக்குப் பன்றியும் எருமையும் கொண்டுபோவது உறவுக்குள் தலைமுறையாக ஓடும் கொடுக்கல் வாங்கல். போகாமல் இருப்பது தவறு. முதல் அழைப்பிலேயே பெரிதாகக் கொண்டுபோவதும் தவறு, அந்தக் குடும்பம் உங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாளி ஆகிவிடும், மற்ற வீடுகளும் அதே அளவை எதிர்பார்க்கும். ஆரம்பத்தில் சர்க்கரை, காபித்தூள், பாக்கு போதும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எந்த வீட்டுக்கு எது சரி என்று அவர் சொல்வார்.