லாபிரிந்த் எந்தக் காலத்தது? முதலில் பென்சிலை எடுங்கள்

முப்பது வருடம் நில அளவையராக இருந்தவன் நான். எல்லைக்கல்லின் வயதைக் கல்லின் முகத்தைப் பார்த்துச் சொன்னதே இல்லை. லாபிரிந்த் என்பது வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒற்றைப் பாதைச் சுருள் வடிவம். பாறையில் செதுக்கிய அப்படி ஒன்றைக் காட்டி "நாலாயிரம் வருடப் பழமை" என்று யாராவது சொன்னால், நீங்களும் உடனே தலையாட்டாதீர்கள். அதை வரைந்து பாருங்கள்.

நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு 'ட'. முழங்கை நடுவை நோக்கி இருக்கட்டும். வெளி மூலைகளில் நான்கு புள்ளிகள். கூட்டல் குறியின் உச்சியிலிருந்து வலப்பக்கத்து அடுத்த முனைக்கு ஒரு வளைவு போடுங்கள். பிறகு இடப்பக்கத்து அடுத்த முனையிலிருந்து, போட்ட வளைவைச் சுற்றிக்கொண்டு, வலப்பக்கத்து அடுத்த முனைக்கு. முனைகள் தீரும்வரை இப்படியே. புள்ளியும் ஒரு முனைதான். நான் முதல்முறை ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டேன். கடைசியில் ஒரு முனை ஜோடியில்லாமல் நின்றது. சரியாகப் போட்டால் எட்டு வளைவுகள், ஏழு சுற்றுப் பாதை.

சூட்சுமம் பிடிபட்டதும் பத்து நிமிட வேலை. எந்த நூற்றாண்டில் வரைந்தாலும் இதே வடிவம்தான் வரும். ஆகவே வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. (பதினொரு சுற்று என்றால் ஐரோப்பிய இடைக்காலத்தை நினைக்கலாம், பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத் தரையில் இருப்பது அந்த வகை.)

அடுத்து, கோடு எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடு உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்தில் கணக்கு. மறுபக்கம் எழுத்தர் கிறுக்கிய சதுர லாபிரிந்த். ஈரமண்ணில்தான் அப்படிக் கீற முடியும். சுமார் கி.மு. 1200-இல் அரண்மனை எரிந்தபோது ஏடும் சுட்டு இறுகிவிட்டது. தீயின் காலமே ஏட்டின் காலம். இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஸ்பெயினின் மோகோரில் லாபிரிந்த் செதுக்கிய பாறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெட்டவெளிப் பாறை, மேலே மூடிய மண்ணடுக்கு கிடையாது. பக்கத்துச் செதுக்கல்களின் வயதை இதற்கும் ஒட்டவைப்பது, பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நம் வீட்டை விற்பது போல.

சுவீடனின் போத்னியா வளைகுடாக் கரையில், கற்களைத் தரையில் அடுக்கிய லாபிரிந்துகள் உண்டு. கல்லில் படர்ந்த பாசிக்காளானை அளந்து ஆய்வாளர்கள் வயது கணிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு கணக்கு. பனியுகப் பாளங்களின் பாரம் நீங்கியதால் அங்கே நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. வடக்கே நூறாண்டுக்கு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் 4 மீட்டரில் கிடக்கும் லாபிரிந்துக்கு வயது 500-ஐப் பெரிதாகத் தாண்டாது. அதற்கு முன் அந்த இடத்தில் மீன்தான் நீந்தியது.