வீட்டுல சாவு நடந்தா குழந்தைகிட்ட எப்படி சொல்றது
"தாத்தா தூங்குறாரு, ஊருக்கு போயிருக்காரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அப்புறம் அந்தப் பிள்ளை தூங்கவே பயப்படும், இல்லனா வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கும். "தாத்தா இறந்துட்டாரு, அவர் உடம்பு வேலை செய்றது நின்னுடுச்சு, இனி வலிக்காது, திரும்பி வரமாட்டாரு"ன்னு மடியில வச்சுகிட்டு நேராவே சொல்லுங்க. அஞ்சு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு சாவுன்னா திரும்பி வராததுன்னு புரியாது, அதனால நாளைக்கும் அதையே கேக்கும், நீங்களும் அதே பதிலை பொறுமையா சொல்லணும். அழுதுட்டு அடுத்த நிமிஷமே விளையாடப் போனா திட்டாதீங்க, குழந்தைங்க துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும். "என்னாலதான் செத்தாரா"ன்னு மனசுக்குள்ள நினைக்கும், கேக்காட்டியும் இல்லன்னு சொல்லிடுங்க.

துக்கத்துல இருக்குற பெரியவங்களுக்கு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பின பிறகுதான் வீடு வெறிச்சோடிப் போகும், அப்ப அவங்க வீட்டுக்கு போங்க, சாப்பாடு எடுத்துட்டு போங்க, இறந்தவங்க பேரைச் சொல்லியே பேசுங்க. மூத்த பையன்கிட்ட "நீதான் தைரியமா இருக்கணும்"னு சொல்றதை தயவுசெஞ்சு விட்டுடுங்க, அவனும் அழணும்ல. வாரக்கணக்கா தூக்கம் சாப்பாடு இல்லாம இருந்தா, இல்ல நானும் போயிடுறேன்னு பேசினா, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு உடனே கூப்பிடுங்க, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.