லாப்லாந்தின் பனிக்காலத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்துக்கு முதன்முறையாகக் குளிர்காலத்தில் செல்வோர், கடையில் இருப்பதிலேயே தடித்த கோட்டை வாங்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியுள்ள ரோவனியெமி நகரில் டிசம்பர் பிற்பகுதியில் சூரியன் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே தலைகாட்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரைகூட இறங்குவதுண்டு. மார்ச்சில் பனி குறையாமலே பகல் 12 மணி நேரத்தை எட்டிவிடும், இரவு வானில் வண்ணமாய் ஒளிரும் வடதுருவ ஒளியைக் காண்பதற்கு வேண்டிய இருட்டும் இரவில் கிடைக்கும் என்பதால், புதியவர்களுக்கு நான் அம்மாதத்தையே பரிந்துரைப்பேன்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஹெல்சின்கியிலிருந்து ரோவனியெமிக்கு இரவு ரயிலில் படுத்துறங்கியபடியே போய்ச் சேரலாம்.

அடுத்தது ஆடை. அடுக்குகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடற்சூட்டைக் காக்கிறது. ஆகவே ஒரு தடித்த உடையைவிட மூன்று மெல்லிய உடைகள் மேல். உடலை ஒட்டி மெரினோ கம்பளியாலான உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைத்துணி அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத, தொப்பி வைத்த ஜாக்கெட் என அணியுங்கள். நமக்குப் பழகிய பருத்தி பனியன் இங்கே உதவாது: வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து, நடை நின்றதும் உடலைச் சில்லிட வைத்துவிடும். வியர்க்கும் முன்பே ஜிப்பைச் சற்று இறக்கிவிடுவது நல்லது. கட்டடங்களுக்குள் நன்றாகச் சூடேற்றியிருப்பார்கள் என்பதால், எளிதில் கழற்றக்கூடிய உடைகளாகவும் இருக்கட்டும்.

பலர் தவறுவது காலணியில்தான். தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டே கடைக்குப் போய், விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். கைக்கு, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிட்டன் வகை உறையே சூடானது. கேமராவை இயக்கவேண்டி வரும் என்பதால் உள்ளே மெல்லிய கையுறை ஒன்றும் இருக்கட்டும். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பயணங்களை நடத்துவோர் பெரும்பாலும் கனத்த முழுவுடுப்பையும் பூட்ஸையும் தாங்களே தருவார்கள். முன்பதிவின்போதே கேட்டுக்கொண்டால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும் என்பதால் கைபேசியை உட்பையில் வையுங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுவருமுன் காற்றுப் புகாத பையில் இட்டு மூடினால், ஈரம் பையின்மேல் படியுமே தவிர லென்ஸின்மேல் படியாது. இறுதியாக, ஜாக்கெட்டில் தொங்கவிடும் சிறிய ஒளிபிரதிபலிப்பான் ஒன்றை அங்கே போனவுடன் வாங்கிவிடுங்கள். இருளில் நடப்போர் அதை அணிய வேண்டும் என்பது பின்லாந்தின் சாலைச் சட்டம்.