மருத்துவ நிறுவனத்தின் லோகோவை இளைஞர்களுக்காக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்புக்குச் சில வருடங்களுக்கு முன்பு லோகோ மாற்றிக் கொடுத்தேன். இருபது வருடமாக இருந்த பச்சை வட்டமும் அதற்குள் இருந்த இலையும் போய், ஊதாவும் ஆரஞ்சும் கலந்த ஓர் அலை வந்தது. உரிமையாளருக்குப் பிடித்திருந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகனுக்கு இன்னும் பிடித்திருந்தது. போர்டு மாட்டிய இரண்டாவது வாரம், வரவேற்பில் இருக்கும் பெண் என்னிடம் சொன்னார்: "சார், தினமும் நாலஞ்சு பேர் வாசல் வரைக்கும் வந்து நின்னு பார்த்துட்டு திரும்பிடறாங்க. லேப் கைமாறிடுச்சான்னு எதிர்க்கடையில விசாரிக்கறாங்க."

மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருபவர்கள் அவர்கள். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியது நான் வரைந்த படம். அதற்குப் பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளினிக், மெடிக்கல் ஷாப், லேப் என்று எந்த வேலை வந்தாலும், எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் தவறு லோகோவைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. "யூத்துக்குப் பிடிக்கிற மாதிரி வேணும்" என்பார்கள். யார் அந்த யூத் என்று கேட்டால் பதில் இருக்காது. நம் ஊரில் ஒரு லேப்பையோ கிளினிக்கையோ தேர்ந்தெடுக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் பெரும்பாலும் தனக்காகத் தேடுவதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்துகொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பார்களா என்று போனில் பார்க்கிறார். பணம் கட்டுவது மகள், கையை நீட்டுவது அம்மா. இரண்டு பேருக்கும் அது ஒரே இடமாகத் தெரிய வேண்டும். மகளுக்குத் தேவை கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வருவார்கள், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருமா என்ற விவரம். போன் செய்தால் எடுக்க ஆளில்லை, ரிப்போர்ட்டுக்கு மாலை நேரில் வரச் சொல்கிறார்கள் என்றால், லோகோவுக்குச் செலவு செய்யும் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். இதைச் சொல்லி நானே இரண்டு வேலைகளைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அடுத்து வருவதுதான் மிகப் பெரிய தவறு: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. பெயரின் எழுத்து, நிறம், சின்னம், இந்த மூன்றில் ஒன்றாவது பழையபடி இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைத்தான் செய்கின்றன. ஜான்சன் அண்ட் ஜான்சன் 1887 முதல் பயன்படுத்திவந்த கையெழுத்து பாணி லோகோவை 2023 செப்டம்பரில் மாற்றியது. சேர்த்து எழுதும் ஆங்கிலக் கையெழுத்தை அமெரிக்காவில் இன்றைய இளைஞர்கள் பலர் பள்ளியில் கற்பதில்லை, அதை வாசிக்கத் தடுமாறுகிறார்கள். எழுத்தை மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பெயரும் சிவப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஃபைசர் 2021 ஜனவரியில் தன் மாத்திரை வடிவத்தை எடுத்துவிட்டு டிஎன்ஏ சுருளைக் கொண்டுவந்தது, நீல நிறத்தை விடவில்லை. உலகம் முழுக்க விளம்பரம் செய்ய வசதி உள்ளவர்களே பழைய அடையாளத்தில் ஒரு பிடியை விட்டுவைக்கிறார்கள் என்றால், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரே போர்டு வைத்திருப்பவர் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

எதை விட்டுவைப்பது என்பதை உரிமையாளரிடம் கேட்காதீர்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். "அந்த லேப்புக்கு எப்படி வழி சொல்வீங்க அண்ணே?" என்றால் "பச்சை போர்டு போட்ட லேப்" என்பார். அந்தப் பச்சைதான் உங்கள் சொத்து. காத்திருக்கும் பத்துப் பேரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, போர்டைப் பார்க்காமல் லோகோவை வரையச் சொல்வதும் உண்டு. பாதிப் பேர் வெட்கப்பட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வரைபவர்களின் தாளில் திரும்பத் திரும்ப எது வருகிறதோ அதில் கை வைக்கக்கூடாது. திருப்பாதிரிப்புலியூரில் நான் இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த இலை போயிருக்காது. பிறகு பச்சையையும் இலையையும் திரும்பக் கொண்டுவந்தோம், எழுத்தை மட்டும் புதிதாக வைத்துக்கொண்டோம்.

அப்புறம் செஞ்சிலுவை. மருத்துவம் என்றதும் வெள்ளையில் சிவப்புக் கூட்டல் குறியைப் போட்டுவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ், கிளினிக், டாக்டர் கார் எல்லாவற்றிலும் பார்த்துப் பார்த்து, அது பொதுச்சொத்து என்று நினைக்கிறோம். அது போர்க்களத்தில் காயம்பட்டவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் சுடக்கூடாது என்று சொல்லும் பாதுகாப்புக் குறி. 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் வந்தது. இந்தியாவில் 1960 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது. அதைப் போலவே தோன்றும் வடிவமும் கூடாது, சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிட்சர்லாந்து கொடியின் வடிவமும் கூடாது. அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தக் குறி அச்சிட்ட பொருட்களைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. பணத்தை விடுங்கள். எல்லாக் கடையிலும் தொங்கும் குறிக்குப் போர்க்களத்தில் என்ன மரியாதை இருக்கும்? கூட்டல் குறி வேண்டுமென்றால் நிறத்தை மாற்றுங்கள். பிரான்ஸில் மருந்துக்கடையின் அடையாளமே பச்சைச் சிலுவைதான். புதுச்சேரியிலிருந்து அங்கே போய்வரும் குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தை வெட்டி ஒட்டுவதும் 1950 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி தடை செய்யப்பட்டது.

பாம்பு சுற்றிய கோல் வேண்டுமென்றால் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. அதுதான் கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்கிலிபியசின் கோல். இறக்கையோடு இரண்டு பாம்பு இருப்பது ஹெர்மிஸ் என்ற தூதுவக் கடவுளுடையது, வணிகத்துக்கும் அவர்தான் கடவுள். மருத்துவமனைக்கு அது பொருத்தமா என்று நீங்களே பாருங்கள்.

தமிழ் எழுத்தைக் கடைசியில் யோசிப்பது என்னை மிகவும் வருத்தும் தவறு. ஆங்கிலப் பெயரை ஒரு மாதம் செதுக்குவார்கள். தமிழை, போர்டு அடிக்கும் நாளன்று கடையில் இருக்கும் ஃபான்ட்டில் போட்டு, அகலத்துக்குப் பொருந்த இழுத்துவிடுவார்கள். புதுச்சேரித் தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் பக்கம் பக்கமாக மரியாதையோடு நிற்பதைத் தினமும் பார்க்கும் ஊரில் இப்படிச் செய்யலாமா? இளமையாகத் தெரிய வேண்டும் என்று மெல்லிய எழுத்தை எடுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளி. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். ஆங்கிலத்தில் மேலும் கீழும் மிச்சம் வைக்கும் இடம் தமிழுக்குப் போதாது. 'கி'யின் கொக்கியும் 'சூ'வின் வாலும் இடித்துக்கொண்டு நிற்கும். பழைய நிறுவனம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய போர்டுகளில் 'லை', 'னை' போன்றவை மேலே தும்பிக்கை வைத்த வடிவத்தில் இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது வாசிக்க வராது. அதை மாற்றுவது சரியான மாற்றம். அந்தப் பழைய போர்டைத் தூக்கிப் போடாமல் வரவேற்பறைச் சுவரில் மாட்டச் சொல்வேன்.

கணினித் திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுப்பதும் தவறுதான். மருத்துவ லோகோ அதிகம் வாழும் இடம் கறுப்பு வெள்ளை பிரிண்டரில் வரும் ரிப்போர்ட், அதன் ஜெராக்ஸ், ரப்பர் சீல், பில். இரண்டு நிறம் ஒன்றில் ஒன்று கரையும் வடிவம் சீலில் கறைபோல் விழும். போனில் அதுவே நகத்தளவு வட்டத்துக்குள் அடங்க வேண்டும். நம் கடற்கரை வெயிலையும் மறக்கக்கூடாது. ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாங்கும். ரோஜா நிறத்தில் அழகாகத் தொடங்கியது ஒன்றிரண்டு கோடை போனதும் சாம்பலாக நிற்கும். உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடித்து அந்தத் துரு எழுத்தின் மேல் வழியும். போர்டுக்காரரை வரைபடம் முடிந்த பிறகு கூப்பிடாமல் முதல் நாளே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

லோகோவை டிரேட்மார்க்காகப் பதிவுசெய்யும் விஷயம் சுருக்கமாக. என்ன சேவை, என்ன பொருள் என்பதைப் பொறுத்து அதற்கு வகுப்பு எண் உண்டு: மருத்துவ சேவைக்கு 44, மருந்துப் பொருளுக்கு 5. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சென்னை அலுவலகம்தான், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 வருடம் செல்லும். பழைய லோகோ பதிவாகியிருந்தாலும் வடிவம் பெரிதாக மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' குறி போடுவது சட்டப்படி கூடாது.

மாற்றும் நாளையும் திட்டமிடுங்கள். வாசலில் புதியது, ரிப்போர்ட் கவரில் பழையது, கூகுள் மேப்பில் அதற்கும் முந்தையது என்று மாதக்கணக்கில் ஓடும் இடங்கள் உண்டு. பழைய கவரை எண்ணிப் பார்த்து, அது தீரும் வாரத்தில் போர்டை மாற்றுங்கள். வாசலில் பழைய லோகோவையும் புதியதையும் சேர்த்துப் போட்டு "அதே இடம், அதே டாக்டர், போர்டு மட்டும் புதிது" என்று மூன்று மாதம் ஒரு தட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை வருபவர் இரண்டு மூன்று தடவையாவது அதைப் பார்த்துவிடுவார்.