பெருநாடி வீக்கத்துக்கு ஒப்பரேஷன்: வீட்டார் செய்ய வேண்டியவை

மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா சாய்மனைக் கதிரையில் படுத்துச் செய்தி பார்ப்பார். ரிமோட் வயிற்றின் மேல் கிடக்கும். அது மெல்ல எழும்பி எழும்பி விழும். மூச்சின் வேகத்தில் அல்ல, நாடி அடிக்கிற வேகத்தில். வெள்ளவத்தை வீட்டில் நாங்கள் எல்லோரும் அதைக் கண்டிருக்கிறோம். மெலிந்த மனிதர், அதனால் தெரிகிறது என்று விட்டுவிட்டோம். நாரி நோவென்று போன டிஸ்பென்சரி ஒன்றில் இரண்டு தடவை நோக்குளிசை கொடுத்து அனுப்பினார்கள். வயிற்றில் ஒருவரும் கை வைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் சிறுநீர்ப் பிரச்சினைக்காக எடுத்த ஸ்கேனில்தான் வயிற்றுப் பெருநாடி, அதாவது இருதயத்திலிருந்து வயிறு வழியாக இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், 5.8 சென்ரிமீற்றருக்கு வீங்கியிருப்பது தெரிந்தது.

ஆகவே முதல் வேலை இது. வீட்டில் 65 வயது தாண்டிய ஆண், அதுவும் சிகரெட்டோ சுருட்டோ பிடித்தவர் இருந்தால், வயிற்றை ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பாருங்கள். ஊசியில்லை, நோவில்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கேனுக்கு எழுதித் தரும் டொக்டரிடம் 'பெருநாடியையும் அளக்கச் சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது, அளவைப் பாடமாக்குங்கள். சாதாரணமாக அந்தக் குழாயின் விட்டம் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். 3-ஐத் தொட்டால் வீக்கம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 வந்தால் ஒப்பரேஷன் பற்றிக் கதைப்பார்கள். ஒரு வருடத்தில் 1 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தாலும், நோவு தொடங்கினாலும் அளவைப் பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள். அதற்குக் குறைந்த வீக்கத்துக்கு ஸ்கேனில் கண்காணிப்பு, பிரஷர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, புகையை அடியோடு நிறுத்துவது. 'சின்னதாக இருக்கும்போதே வெட்டிவிட்டால் என்ன?' என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். 4 முதல் 5.5 வரை வீக்கம் இருந்த 1,090 பேரை வைத்துப் பிரித்தானியாவில் செய்த ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. முந்தி ஒப்பரேஷன் செய்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை.

அப்பா பௌதிகவியல் ஆசிரியராக இருந்தவர். கிளினிக் வாங்கிலில் காத்திருந்தபோது கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்தார். சுவரில் விழும் இழுவிசை உள்ளே உள்ள அழுத்தத்தையும் ஆரையையும் பொறுத்தது. சைக்கிள் ரியூபில் ஓரிடம் புடைத்தால் காற்றடிக்க அடிக்க அந்த இடம்தான் இன்னும் புடைக்கும் என்றார். ஆரையை நாங்கள் குறைக்க முடியாது, அழுத்தத்தைக் குறைக்கலாம், ஆகவே பிரஷர் குளிசையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று தானே தீர்ப்பும் சொன்னார். அன்றைக்கே சிகரெட்டையும் விட்டார்.

வீக்கம் வெடித்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிரூட்டிப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ தாங்க முடியாத நோவு, குளிர் வியர்வை, மயக்கம் வந்தால் நோக்குளிசை கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சாப்பாடு, தண்ணீர் கொடுக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. வருகிறவர்களிடம் முதல் வசனமாகவே வீக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது சிறுநீரகக் கல் போலத் தெரிந்துவிடும். அம்மாவுக்குச் சிங்களம் குறைவு. அதனால் 'மஹா தமனிய இதிமிலா தியெனவா' (பெருநாடி வீங்கியிருக்கிறது) என்று தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, கீழே 5.8 என்றும் போட்டேன். பின்னேரங்களில் அதை அவர் முணுமுணுத்துப் பழகுவது குசினியிலிருந்து கேட்கும்.

ஒப்பரேஷனுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வயிற்றை நீளத்துக்குத் திறந்து, மேலும் கீழும் குழாயைக் கவ்விப் பிடித்து, வீங்கிய பகுதியைப் பிளந்து, உள்ளே பொலியெஸ்டர் குழாயைத் தைத்து, பழைய சுவரையே அதன் மேல் போர்த்துவது. 1951-இல் பாரிஸில் சார்ள்ஸ் டுபோஸ்ட் வீங்கிய பகுதியை எடுத்து, இறந்தவர் ஒருவரின் நாடித் துண்டை அந்த இடத்தில் வைத்தது இந்த வழியின் தொடக்கம். அதற்கு முன் வைத்தியர்கள் கையில் அதிகம் இருக்கவில்லை. ஐன்ஸ்டைனுக்கு 1948-இல் வீக்கத்தைச் செலோபேன் தாளால் சுற்றித்தான் விட்டார்கள். 1955-இல் அது வெடித்து இறந்தார். (இதை அப்பாதான் டொக்டருக்குச் சொன்னார்.) இரண்டாவது வழி, தொடை இடுக்கிலிருந்து ஸ்டென்ட் என்கிற கம்பி வலை பொருத்திய குழாயை உள்ளே ஏற்றி விரிப்பது. 1990-இல் புவெனஸ் ஐரெஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருநாடிக்குச் செய்து காட்டினார். கெதியாக வீட்டுக்கு வரலாம், ஆபத்தும் ஆரம்பத்தில் குறைவு. ஆனால் பக்கவாட்டால் இரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டும், எல்லோருடைய நாடி அமைப்புக்கும் அது பொருந்தவும் மாட்டாது. அப்பாவுக்கு வீக்கத்தின் கழுத்து, அதாவது ஸ்டென்ட் பற்றிப் பிடிக்க வேண்டிய வீங்காத பகுதி, கட்டையாக இருந்ததால் திறந்தே செய்தார்கள். உங்களுக்கு எது, ஏன் என்று கேளுங்கள். ஸ்டென்ட் என்றால் அதன் விலையை எழுத்தில் வாங்குங்கள்.

சீ.டி. ஸ்கேன் வெளியே எடுத்தால் றிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த தட்டையும் கேட்டு வாங்குங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் படத்தில் தானே அளந்து பார்ப்பார். நான் முதல் நாள் றிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோய், பெரியாஸ்பத்திரி வாசலிலிருந்து ஓட்டோவில் திரும்பி ஓடினேன். அந்த ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து கிட்னிக்குப் பாரம், ஆகவே கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் றிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். குளிசைகளைப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் தடுப்பவற்றில் எதை, எப்போது நிறுத்துவது என்பதை அவர்களே சொல்லட்டும். காத்திருக்கும் வாரங்களில் நடக்கவும் மூச்சுப் பயிற்சி செய்யவும் அனுமதி கேளுங்கள். மூன்று பந்து ஏறி இறங்கும் அந்தச் சின்னப் பெட்டியை மருந்துக் கடையில் வாங்கலாம். அப்பாவுக்கு முதல் நாள் ஒரு பந்துதான் அசைந்தது. மூன்றாம் கிழமை இரண்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஒப்பரேஷன் அன்று மூன்று நான்கு மணித்தியாலம் போகும். ஐ.சீ.யூ.வில் அவரைக் காணும்போது மூக்கில், கழுத்தில், கையில் குழாய்கள் இருக்கும். அதை முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. வாசலில் அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது, இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. கால் விரல்கள் குளிர்ந்தோ நீலம் பாரித்தோ கண்டால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மலத்தில் இரத்தம் போனாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமட்டும். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. அரிசிப் பையும் வேண்டாம், பேரப்பிள்ளையும் வேண்டாம். பசி திரும்ப நாள் எடுக்கும். அப்பாவுக்கு ஒரு மாதம் ரசமும் கஞ்சியும்தான் இறங்கியது. பழைய தெம்பு வர மூன்று மாதம் போனது. காய்ச்சல் வந்தாலோ, வெட்டிய இடத்தில் நீர் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம். பல் வைத்தியரிடம் போனாலும் உள்ளே செயற்கைக் குழாய் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஆண்களுக்கு இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியத்தில் சிக்கல் வரலாம். மகள் முன்னால் எந்தத் தகப்பனும் அதைக் கேட்க மாட்டார். ஒரு கிளினிக்குக்காவது தம்பியையோ மருமகனையோ கூட அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

முழங்காலுக்குப் பின்னால் உள்ள நாடியிலும் சிலருக்கு இதே வீக்கம் இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். இது குடும்பத்தில் ஓடும். சித்தப்பாவை இரண்டு மாதம் கெஞ்சித்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு 3.4. அடுத்த ஸ்கேன் வருகிற ஆனியில். திகதியை எங்கள் வீட்டு நாட்காட்டியிலும் அவர் வீட்டு நாட்காட்டியிலும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.