பனியைத் தோண்டிச் சோதிப்பது எப்படி: குல்மார்க் சரிவுகளுக்குப் போகும் புதியவர்களுக்கு

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலாவின் (கம்பிவடப் பெட்டி) மேல் நிலையத்திலிருந்து அஃபர்வத் மலையின் நடுப்பள்ளத்தில் இறங்கினால், ரோந்துக் குழு கவனித்துக்கொள்ளும் பகுதியில் இருப்பீர்கள். அதன் எல்லையைத் தாண்டினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. அங்கே பனிச்சரிவு ஆபத்தை அறிய உதவும் சோதனைகளில் ஒன்று எக்ஸ்டெண்டட் காலம் டெஸ்ட் (நீட்டித்த தூண் சோதனை), சுருக்கமாக இ.சி.டி. பனியில் ஒரு தூணை வெட்டி, அதன்மேல் தட்டி, விரிசல் ஓடுகிறதா என்று பார்ப்பதே இது. இந்தச் சோதனை 'போகாதே' என்று சொல்லும். 'போ' என்று ஒருபோதும் சொல்லாது.

தோண்டுவதற்கு முன்பே கிடைக்கும் தடயங்கள்தான் பெரியவை. சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள். அதே திசை பார்த்த சரிவில் புதிதாகச் சரிந்த தடம், மிதித்ததும் 'வூம்ப்' என்று அமுங்கும் ஓசை, காலடியிலிருந்து ஓடும் விரிசல், ஒரே நாளில் 30 செ.மீ. அளவுக்குப் புதுப்பனியும் காற்றும், திடீர் வெப்பம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் செங்குத்துச் சரிவைத் தவிர்க்க அது போதும். சோதனையே தேவையில்லை.

தேவையானவை: உலோகத் தகடுள்ள ஷவல் (பனி அள்ளும் மண்வாரி), பனி வாள், ப்ரோப் கம்பி, முடிச்சுகள் போட்ட 2 மீட்டர் மெல்லிய கயிறு, சாய்வுமானி. எல்லோரும் டிரான்ஸீவரை (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி) முடுக்கி உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.

முதலில் இடம். பெரும்பாலான பாளச் சரிவுகள் (கெட்டியான பனியடுக்கு பலகை போல மொத்தமாக உடைந்து வழுக்கும் பனிச்சரிவுகள்) 30 முதல் 45 டிகிரி சாய்வில் உடைகின்றன. நீங்கள் போக நினைக்கும் சரிவின் அதே திசை, அதே உயரம், அதே காற்றுப் போக்கு உள்ள சிறிய மேட்டைத் தேர்ந்தெடுங்கள். மேலே பெரிய சரிவு தொங்கக் கூடாது. சரிந்தாலும் புதைக்காத அளவில் இருக்க வேண்டும். மரத்தடியும் பாறையோரமும் வேண்டாம். அங்கே அடுக்குகள் வேறு மாதிரி அமைந்திருக்கும். ப்ரோப்பால் குத்தி ஆழத்தைப் பாருங்கள்.

அடுத்து குழி. சுமார் ஒன்றரை மீட்டர் அகலத்தில், சந்தேகப்படும் அடுக்குக்குக் கீழே வரை தோண்டி, மேட்டுப் பக்கச் சுவரை வழவழப்பாகச் சீவுங்கள். விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால் கெட்டியான பாளத்தின் அடியில் விரல் சட்டென்று உள்ளே போகும் இடம் தெரியும். குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருந்து, இரவுகள் தெளிந்து குளிர்ந்திருந்தால், தரையை ஒட்டிய பரல்கள் கல்கண்டுத் தூள் போல உதிரும். அவை ஒன்றோடொன்று ஒட்டாதவை. மேலே பாளம் ஏறினால் முதலில் நொறுங்குபவை.

இப்போது தூண். சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேட்டுப் பக்கமாக 30 செ.மீ. இரு பக்கங்களையும் வாளால் வெட்டி, பின்பக்கத்தைக் கயிற்றால் அறுங்கள். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்: பின்பக்கம் முழுதாக அறுபடாவிட்டால் தூண் மலையோடு ஒட்டியே நிற்கும், ஆபத்தான பனியும் உறுதியாகத் தோன்றும்.

தூணின் ஒரு முனையில் ஷவல் தகட்டைப் படுக்க வைத்துத் தட்டுங்கள். மணிக்கட்டை அசைத்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. கை தன் எடையில் விழ வேண்டும், அமுக்கக் கூடாது. எண்ணிக்கையை உரக்கச் சொல்லுங்கள், இன்னொருவர் விரிசலைக் கவனிக்கட்டும்.

விரிசல் தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ 90 செ.மீ. முழுவதும் ஓடினால் அது இ.சி.டி.பி. 13வது தட்டில் தோன்றினால் 'இ.சி.டி.பி. 13' என்று குறியுங்கள். தூணை வெட்டும்போதே ஓடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தகட்டின் அடியில் மட்டும் உடைந்து நின்றால் இ.சி.டி.என். 30 தட்டிலும் எதுவும் உடையாவிட்டால் இ.சி.டி.எக்ஸ்.

இ.சி.டி.பி. வந்தால் அந்தத் திசைச் சரிவுகள் அன்றைக்கு இல்லை. இ.சி.டி.என். அல்லது இ.சி.டி.எக்ஸ். வந்தாலும் அனுமதி கிடைத்ததாக எண்ணாதீர்கள். காற்று பனியைச் சமமாகக் குவிப்பதில்லை. சில மீட்டர் தள்ளி வேறு விடை வரலாம். ஒரு மீட்டருக்கும் ஆழமான அடுக்கைத் தட்டு எட்டாமல் போகலாம். இன்னோர் இடத்தில் இன்னொரு குழி தோண்டுங்கள். இரண்டு விடைகளும் முரண்பட்டால் மோசமானதையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 30 டிகிரிக்குக் குறைவான, மேலே செங்குத்துப் பகுதி இல்லாத சரிவில் இறங்குங்கள். கிளம்பும் முன் குழியை மூடிவிடுங்கள். பின்னால் வருபவர் அதில் விழக்கூடும்.